என்சிஏஏ தண்டனை சர்வீஸ்: ஒத்துக்கிட்டவனுக்கு அடி, இல்லன்னு சாதிச்சவனுக்கு கப்பு

ரேட்டிங்க மொதல்லயே சொல்லிடறேன், 5-க்கு 2 ஸ்டார். பாதி பேர் ரேட்டிங்க மட்டும் பாத்துட்டு போயிடுவீங்கன்னு தெரியும், போங்க, பரவால்ல. மிச்சம் இருக்கறவங்களுக்கு நிறைய சொல்ல இருக்கு.

நான் ரிவ்யூ பண்றது ஃபோனும் இல்ல ஹோட்டலும் இல்ல, அமெரிக்க காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்தற என்சிஏஏ வச்சிருக்கற தண்டனை சர்வீஸ. அதுலயும் ஒரே ஒரு செக்‌ஷன்: ப்ளேயருக்கு பதிலா வேற யாராவது பரீட்சை எழுதறது, பேப்பர் எழுதி குடுக்கறது, நடக்காத க்ளாஸுக்கு ஏ க்ரேட் போடறது, இந்த மாதிரி படிப்பு விஷயத்துல மோசடி பண்ணி மாட்டற டீமுக்கு என்ன கிடைக்குதுங்கறது. மார்ச் மாசம் ஆனா காலேஜ் பாஸ்கெட்பால் டோர்னமென்ட்ல யார் ஜெயிப்பாங்கன்னு ப்ராக்கெட் போட்டு ஆபீஸ்ல சண்டை போடற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இந்தப் பக்கம் தெரியவே தெரியாது. அந்த கப்புகள்ல சிலது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா ப்ராக்கெட் போடற கை கொஞ்சம் நிக்கும்.

சர்வீஸ் எப்படி வேலை செய்யுதுன்னா, தீர்ப்பு சொல்றது கமிட்டி ஆன் இன்ஃப்ராக்‌ஷன்ஸ்னு ஒரு குழு. அதுல உக்காந்திருக்கறவங்க பெரும்பாலும் மத்த காலேஜ் ஆளுங்க, கான்ஃபரன்ஸ் (காலேஜுங்க சேந்து ஆடற லீக்) கமிஷனருங்க, கூட சில வக்கீலுங்க. அதாவது இன்னைக்கு தீர்ப்பு சொல்றவரோட காலேஜ் நாளைக்கு கூண்டுல நிக்கலாம். கோர்ட் மாதிரி சம்மன் அனுப்பற அதிகாரம் கிடையாது, வேலைய விட்டு போயிட்ட ஒருத்தர் "நான் பேச மாட்டேன்"னா பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. அதனால மொத்த சிஸ்டமே காலேஜ் தானா முன்வந்து உண்மைய சொல்லும்ங்கற நம்பிக்கைல ஓடுது. இத மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா முன்வந்து சொன்ன காலேஜுக்கு என்ன ஆச்சுங்கறதுதான் இந்த ரிவ்யூவே.

நல்லத மொதல்ல சொல்லிடலாம். தீர்ப்புகள பொதுவுல போடறாங்க, யார் வேணா படிக்கலாம், படிக்கவும் சுவாரசியமா இருக்கும். ஜார்ஜியா யுனிவர்சிட்டி கேஸ் எடுத்துக்கோங்க. 2001-ல அங்க அசிஸ்டென்ட் பாஸ்கெட்பால் கோச்சா இருந்த ஜிம் ஹாரிக் ஜூனியர், ஹெட் கோச்சோட பையன்தான், பாஸ்கெட்பால் கோச்சிங் பத்தி ஒரு கோர்ஸ் எடுத்தாரு. அதுக்கு ஃபைனல் எக்ஸாம் 20 கேள்வி, எல்லாம் நாலுல ஒண்ண தேர்ந்தெடு டைப். ஒரு கேள்வி, த்ரீ பாயின்ட் ஷாட்டுக்கு எத்தன பாயின்ட்? சத்தியமா இதான் கேள்வி. இன்னொண்ணு, ஒரு பாஸ்கெட்பால் கோர்ட்ல எத்தன கோல் இருக்கும்? க்ளாஸ்ல எல்லாருக்கும் ஏ. அந்த கேள்வித்தாள் 2004-ல வெளிய வந்து நாடு முழுக்க சிரிச்சுது. ஆனா அதுக்கு முன்னாடியே 2003-ல விஷயம் வெடிச்சப்ப யுனிவர்சிட்டியே டீமை கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட்லேந்தும் என்சிஏஏ டோர்னமென்ட்லேந்தும் வெளிய எடுத்துடுச்சு. அப்பாவும் பையனும் வேலைய விட்டு போயாச்சு, பையனுக்கு 7 வருஷ ஷோ-காஸ். ஷோ-காஸ்னா அந்த காலத்துல அவர வேலைக்கு எடுக்கற காலேஜ் என்சிஏஏகிட்ட வந்து ஏன் எடுக்கறோம்னு விளக்கணும், அதனால பொதுவா யாரும் எடுக்க மாட்டாங்க. இந்த கேஸ நான் ஓரளவு நியாயம்னுதான் சொல்வேன். கோச்சுக்கு வலிச்சுது. அந்த வருஷ சீனியர் பசங்களுக்கும் வலிச்சுது, அதுல எல்லாருமா அந்த க்ளாஸ்ல இருந்தாங்க?

இதவிட பழைய கேஸ் ஒண்ணு இருக்கு, என் கணக்குல இந்த சர்வீஸோட பெஸ்ட் வேலை அதான். மினசோட்டா, 1999. பாஸ்கெட்பால் டீமுக்கு அஞ்சு வருஷமா ஒரு ஆபீஸ் மேனேஜர் 400 அஸைன்மென்ட்டுக்கு மேல எழுதி குடுத்திருக்காங்க. செய்ன்ட் பால் பயனியர் ப்ரெஸ் பேப்பர் இத டோர்னமென்ட் மொத மேட்சுக்கு முந்தின நாள் போட்டுச்சு. நாலு பசங்கள உக்கார வச்சுட்டு ஆடி கொன்ஸாகாகிட்ட தோத்தாங்க, மாநில கவர்னர் ஜெஸ்ஸி வென்ச்சுரா பேப்பர்காரங்கள திட்டினாரு (மோசடிய விட மோசடி வெளிய வந்த டைமிங்தான் பெரிய குத்தமாம்!). அந்த ரிப்போர்ட்டருக்கு அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைச்சுது. 1997 ஃபைனல் ஃபோர் (டோர்னமென்ட் அரையிறுதி) ரெக்கார்ட அழிச்சாங்க, கோச் க்ளெம் ஹாஸ்கின்ஸுக்கு 7 வருஷ ஷோ-காஸ். அதோட விடல, அவர் வெளிய போறப்ப வாங்கின 15 லட்சம் டாலர்ல 8,15,000 டாலர திருப்பி குடுன்னு யுனிவர்சிட்டி கேஸ் போட்டு ஜெயிச்சுது. பொறுப்புல இருந்த ஆளோட பாக்கெட்லேந்து காசு போச்சு. இந்த மாதிரி முடிஞ்ச கேஸ் ரொம்ப கம்மி, அதுலயும் பணத்த திருப்பி வாங்கினது என்சிஏஏ இல்ல, யுனிவர்சிட்டி. இருந்தாலும் ஒரு ஸ்டார் குடுத்துடறேன்.

சரி, இப்ப மெயின் ஐட்டத்துக்கு வரேன்.

நார்த் கரோலினா, சேப்பல் ஹில். நல்ல யுனிவர்சிட்டி, சந்தேகமே இல்ல, மைக்கேல் ஜோர்டன் ஆடின இடம். அங்க ஆஃப்ரிக்கன் ஸ்டடீஸ் டிபார்ட்மென்ட்ல 1993-லேந்து 2011 வரைக்கும், 18 வருஷம், "பேப்பர் க்ளாஸ்"னு ஒண்ணு ஓடுச்சு. க்ளாஸ் நடக்காது. ப்ரொஃபசர் வர மாட்டார். செமஸ்டர் கடைசில ஒரு பேப்பர் குடுக்கணும், அதுக்கு மார்க் போட்டது பெரும்பாலும் டிபார்ட்மென்ட் செக்ரட்டரி, உள்ள என்ன எழுதியிருக்குன்னு பெருசா பாக்காம ஏ இல்லன்னா பி. யுனிவர்சிட்டியே கூப்ட்டு விசாரிக்க சொன்ன கென்னத் வெய்ன்ஸ்டீன்ங்கற முன்னாள் ஃபெடரல் வக்கீல் 2014 அக்டோபர்ல ரிப்போர்ட் குடுத்தாரு. சுமார் 3,100 ஸ்டூடன்ட்ஸ் இதுல போயிருக்காங்க. இந்த க்ளாஸ்ல உக்காந்தவங்கள்ல (உக்காரவே இல்ல, பேச்சுக்கு சொல்றேன்) கிட்டத்தட்ட பாதி, 47 சதவீதத்துக்கு மேல, அத்லெட்ஸ். மொத்த யுனிவர்சிட்டில அத்லெட்ஸ் 4 சதவீதம் சொச்சம்.

அந்த ரிப்போர்ட்ட ஒரு ராத்திரி முழிச்சு படிச்சேன், ரெண்டு இடத்துல நிறுத்திட்டேன். ஒண்ணு, பெண்கள் பாஸ்கெட்பால் டீமோட படிப்பு கவுன்சிலருக்கும் அந்த செக்ரட்டரிக்கும் நடுவுல போன ஈமெயில். ஒரு பொண்ணோட பேப்பருக்கு டி க்ரேட் சொன்னீங்களான்னு செக்ரட்டரி கேக்கறாங்க, பழைய பேப்பரையே திருப்பி குடுத்த மாதிரி தெரியுதுன்னும் சொல்றாங்க. அதுக்கு கவுன்சிலர் பதில், ஆமா டி போதும், அவளுக்கு அவ்ளோதான் தேவை, பேப்பர நான் பாக்கல. இந்த கவுன்சிலர் யாருன்னா அதே யுனிவர்சிட்டில எதிக்ஸ் (நெறிமுறை) சென்டருக்கு டைரக்டரா இருந்தவங்க. இத நான் கற்பனைல எழுதினா ரொம்ப ஓவர்டான்னு அடிப்பீங்க.

ரெண்டாவது ஒரு பவர்பாயின்ட் ஸ்லைடு. 2009-ல அந்த செக்ரட்டரி ரிடையர் ஆயிட்டாங்க. ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால், நம்ம கால்பந்து இல்ல) டீமுக்கு படிப்பு பாத்துக்கற கவுன்சிலருங்க பதறிப்போய் அந்த நவம்பர் கோச்சுங்களுக்கு ஒரு ப்ரெசன்டேஷன் போட்டாங்க. இதுவரைக்கும் நம்ம பசங்கள எந்த மாதிரி க்ளாஸ்ல போட்டோம்னு லிஸ்ட்: க்ளாஸுக்கு போக வேண்டாம், நோட்ஸ் எடுக்க வேண்டாம், தூங்காம முழிச்சிருக்க வேண்டாம், ப்ரொஃபசர பாக்க வேண்டாம். கீழ பெரிய எழுத்துல, இதெல்லாம் இனிமே கிடையாது! அந்த செமஸ்டர் ஃபுட்பால் டீமோட சராசரி ஜிபிஏ (4-க்கு) 2.121-க்கு விழுந்துச்சு, பத்து வருஷத்துல அதான் அடிமட்டம். ஒரு செக்ரட்டரி ரிடையர் ஆனா ஒரு டீமோட மூளை காணாம போகுதுன்னா அந்த மார்க்கெல்லாம் யாரோடதுன்னு தனியா சொல்லணுமா?

இப்ப தண்டனைக்கு வாங்க. என்சிஏஏ ஒரு தடவ இல்ல மூணு தடவ குற்றப்பத்திரிகை குடுத்துச்சு, 2015-ல ஒண்ணு, 2016-ல ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் குத்தம் மாறிக்கிட்டே போச்சு. நடுவுல 2017 ஏப்ரல்ல நார்த் கரோலினா இன்னொரு சாம்பியன்ஷிப் வேற அடிச்சுடுச்சு. கடைசில 2017 அக்டோபர் 13 தீர்ப்பு. படிப்பு விதி மீறல் நடந்துச்சுன்னு எங்களால முடிவு பண்ண முடியல, க்ளாஸுங்க அத்லெட்ஸுக்கு மட்டும் ஸ்பெஷலா இல்ல, எல்லா ஸ்டூடன்ட்ஸுக்கும் திறந்திருந்துச்சு, அதனால அது "எக்ஸ்ட்ரா பெனிஃபிட்"டும் இல்ல. எது படிப்பு எது மோசடின்னு தீர்மானிக்க வேண்டியது யுனிவர்சிட்டி, அவங்க அந்த க்ரேட் செல்லும்னு சொல்றாங்க, நாங்க என்ன பண்றது. அவ்ளோதான். டிபார்ட்மென்ட் தலைவரா இருந்தவர் விசாரணைக்கு ஒத்துழைக்கலன்னு அவருக்கு மட்டும் 5 வருஷ ஷோ-காஸ். 2005, 2009 பாஸ்கெட்பால் கப்பு ரெண்டும் அப்படியே தொங்குது, ஒரு ஸ்காலர்ஷிப் கூட குறையல. 2005 டீம்ல ஆடின ரஷாட் மெக்கான்ட்ஸ், அந்த வருஷ ஸ்ப்ரிங் செமஸ்டர்ல நாலு க்ளாஸ், ஒண்ணுக்கும் போகல, நாலுலயும் ஏ, டீன்ஸ் லிஸ்ட்ல பேரு வந்துச்சுன்னு டிவில வந்து சொன்னாரு. அது மாதிரி இல்லன்னு கோச் ராய் வில்லியம்ஸ் மறுத்தாரு, கூட ஆடினவங்களும் மறுத்தாங்க.

இதுல எனக்கு உள்ளுக்குள்ள எரியற இடம் எதுன்னா, இதே யுனிவர்சிட்டி அங்கீகாரம் குடுக்கற அமைப்புகிட்ட இது அகாடமிக் ஃப்ராடுன்னு எழுத்துல ஒத்துக்கிச்சு, அந்த அமைப்பு 2015-ல ஒரு வருஷ ப்ரொபேஷனும் (கண்காணிப்பு) போட்டுச்சு. பட்டத்துக்கு மதிப்பு வேணும்ங்கற இடத்துல மோசடி, கப்பு வேணும்ங்கற இடத்துல மோசடி இல்ல. கமிட்டியே தீர்ப்புல இந்த அந்தர்பல்டிய எழுதி எரிச்சல்பட்டிருக்கு. எரிச்சல் மட்டும்தான்.

இன்னும் கேளுங்க. இந்த மொத்த விவகாரமும் வெளிய வர காரணமே ஒரு ஃபுட்பால் பையன். ஸ்வாஹிலி பேப்பர் ஒண்ணுல அடிக்குறிப்பு, மேற்கோள் பட்டியல் இதையெல்லாம் ட்யூட்டர் சரி பண்ணி குடுத்தாங்கன்னு அவனுக்கு என்சிஏஏ ஆயுள் தடை போட்டுச்சு. அவன் 2011-ல கோர்ட்டுக்கு போனான், அந்த பேப்பர் கோர்ட் ஆவணத்துல வந்துச்சு, பரம எதிரி என்சி ஸ்டேட் ரசிகருங்க அத எடுத்து தேடி பாத்தா பக்கம் பக்கமா காப்பி. அங்கேந்துதான் நூல் பிரிஞ்சுது. ஆக, அடிக்குறிப்ப சரி பண்ணினது ஆயுள் தடைக்கான குத்தம், பேப்பர யாருமே படிக்காம மார்க் போட்ட க்ளாஸ் குத்தமே இல்ல. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்ங்கறத இவ்ளோ பச்சையா நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

அப்ப மிசோரி. 2016-ல ஒரு ட்யூட்டர், 12 அத்லெட்ஸுக்கு நானே கோர்ஸ் வொர்க் பண்ணி குடுத்தேன்னு தானா வந்து சொன்னாங்க, பெரும்பாலும் கணக்கு. யுனிவர்சிட்டி மறைக்கல, என்சிஏஏகிட்ட தானா போச்சு, கூடவே உக்காந்து விசாரிச்சுது, ஆமா தப்பு நடந்துச்சுன்னு ஒத்துக்கிச்சு. கோச்சுங்களோ மத்த ஸ்டாஃபோ சொல்லி நடந்ததுன்னு எந்த ஆதாரமும் இல்லன்னு கமிட்டியே சொல்லுது. 2019 ஜனவரி 31 தீர்ப்பு: ஃபுட்பால், பேஸ்பால், சாஃப்ட்பால் மூணு டீமுக்கும் ஒரு வருஷம் போஸ்ட்சீசன் (சீசன் முடிஞ்சப்புறம் நடக்கற பெரிய மேட்சுங்க) கிடையாது, 3 வருஷ ப்ரொபேஷன், ஸ்காலர்ஷிப்ல வெட்டு, ஜெயிச்ச மேட்ச் ரெக்கார்ட் ரத்து, ஃபைன், ட்யூட்டருக்கு 10 வருஷ ஷோ-காஸ். 18 வருஷம் 3,100 பேர் ஒரு பக்கம், 12 பேர் ஒரு பக்கம், எதுக்கு அடி விழுந்துச்சு பாருங்க. அதுலயும் அந்த தீர்ப்புலயே ஒரு பத்தி போட்டு நார்த் கரோலினா வேற, இது வேறன்னு விளக்கறாங்க: அவங்க கோர்ஸும் க்ரேடும் சரிதான்னு நின்னாங்க, மிசோரி தப்புன்னு ஒத்துக்கிச்சு. படிச்சு முடிச்சதும் எந்த காலேஜ் வக்கீலுக்கும் ஒரே பாடம்தான் மனசுல நிக்கும், அது என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அப்பீல் பண்ணாங்க. அதுக்கு முடிவு வர நவம்பர் கடைசி ஆயிடுச்சு, சீசன் முடியப்போற நேரம், அப்பீல் தள்ளுபடி. 6 ஜெயிச்சு 6 தோத்து சீசன் முடிஞ்சு நடக்கற பௌல் கேமுக்கு தகுதி வாங்கின டீம் வீட்ல உக்காந்துச்சு, அடுத்த சில நாள்ல கோச்ச வேலைய விட்டு தூக்கினாங்க. அந்த டீம் க்வார்ட்டர்பேக் கெல்லி ப்ரையன்ட் க்ளெம்சன்லேந்து கடைசி ஒரு வருஷம் ஆட வந்தவன். தடை வந்தப்ப வேற காலேஜுக்கு போயிருக்கலாம், போகல. ட்யூட்டர் விவகாரம் நடந்தப்ப அவன் அந்த ஸ்டேட்லயே இல்ல.

இந்த சர்வீஸ்ல இன்னொரு ஐட்டம் அதிகமா போடுவாங்க, "வெற்றி ரத்து". நோட்ரடேமுக்கு 2016-ல போட்டாங்க, 2012, 2013 ரெண்டு சீசன்ல ஜெயிச்ச 21 மேட்ச் ரத்து, அப்பீலும் 2018-ல போச்சு. அங்க மோசடி பண்ணது டீம்ல வேலை பாத்த ஒரு ஸ்டூடன்ட் ட்ரெய்னர். நோட்ரடேம் ப்ரெசிடென்ட் ஃபாதர் ஜென்கின்ஸ் கொதிச்சுப்போய் லெட்டர் எழுதினாரு, நாங்களே கண்டுபிடிச்சு பழைய க்ரேட மாத்தினோம், அதனாலதான் ரெக்கார்ட் போச்சு, மாத்தாம விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்கற மாதிரி. நோட்ரடேம் எனக்கு பிடிக்காத டீம், இருந்தாலும் பாயின்ட் கரெக்ட். ஃப்ளோரிடா ஸ்டேட்ல ஆன்லைன் மியூசிக் கோர்ஸ் பரீட்சைக்கு பதில் சொல்லி குடுத்ததுல 10 ஸ்போர்ட்ஸ்ல 61 பேர் மாட்டினாங்க, ஃபுட்பால் கோச் பாபி பௌடனோட கணக்குல 12 வெற்றி குறைஞ்சுது. சிராக்யூஸ்ல ஒரு ப்ளேயரோட பேப்பர ஆபீஸ் ஆளுங்க திருத்தி குடுத்தது, இன்னும் பல குத்தம் எல்லாம் சேத்து 2015-ல கோச் ஜிம் போஹைமுக்கு 101 வெற்றி கட், 9 மேட்ச் சஸ்பெண்ட். மெம்ஃபிஸ் 2008-ல ஃபைனல் வரைக்கும் போச்சு, ஸ்டார் ப்ளேயர் காலேஜ்ல சேர எழுதின எஸ்ஏடி பரீட்சை ஸ்கோர் செல்லாதுன்னு ஆகி 38 வெற்றியும் ரத்து, கோச் கலிபாரி அதுக்குள்ள கென்டக்கிக்கு போய் உக்காந்தாச்சு.

இதெல்லாம் யாருக்கு வலிக்குது? டிக்கெட் வித்த காசு வந்தாச்சு, டிவி காசு வந்தாச்சு, கோச்சுக்கு போனஸ் போயாச்சு. தோத்த டீமுக்கு அந்த மேட்ச் வெற்றியா கூட மாறாது. மேட்ச் நடந்துச்சு ஆனா நடக்கலன்னு ஒரு ரெக்கார்ட் புக்ல கோடு போடறதுக்கு பேரு தண்டனை. சுத்த கண்துடைப்பு. ஸ்டேடியத்துல பேனர கழட்டற அன்னைக்கு மட்டும் கொஞ்சம் அசிங்கம், ஒத்துக்கறேன்.

சின்ன காலேஜுங்க கதை வேற. ஜெர்ரி டார்க்கேனியன்னு ஒரு பழைய கோச், வாழ்நாள் பூரா என்சிஏஏ கூட சண்டை போட்டவர், சொன்னது ஒண்ணு இப்பவும் எல்லாரும் சொல்வாங்க: கென்டக்கி மேல என்சிஏஏக்கு வந்த கோவத்துல க்ளீவ்லேண்ட் ஸ்டேட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷ ப்ரொபேஷன் போடப்போறாங்க. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி, வேறென்ன. இதுக்கு ஆதாரம் வேணும்னா ஏபிஆர்னு ஒரு ஸ்கீம் இருக்கு, அத பாருங்க. ஒவ்வொரு ஸ்காலர்ஷிப் ப்ளேயருக்கும் ஒரு டெர்முக்கு ரெண்டு பாயின்ட், ஆடறதுக்கு தகுதியா இருந்தா ஒண்ணு, காலேஜ விட்டு போகாம இருந்தா ஒண்ணு. நாலு வருஷ சராசரி 1000-க்கு 930-க்கு கீழ போனா போஸ்ட்சீசன் தடை. கறுப்பின மக்களுக்காக ஆரம்பிச்ச பழைய காலேஜுங்க, ட்யூட்டர் வைக்க காசு இல்லாத காலேஜுங்க இதுல திரும்ப திரும்ப மாட்டும். பெரிய இடத்துல மாட்டினது கனெக்டிகட், 2013-ல தடை, அடுத்த வருஷமே கப்பு அடிச்சு ஷபாஸ் நேப்பியர் மைக்க புடிச்சு எங்கள தடை பண்ணா இதான் நடக்கும்னு கத்தினான். அவனும் அவன் செட்டும் வாங்கின மார்க்குக்கு வந்த தடையா அது? பெரும்பாலும் முன்னாடி இருந்தவங்களுது.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வைங்க. பையன் தானா படிச்சு, தானா எழுதி, நேர்மையா ஃபெயில் ஆனா டீமோட ஏபிஆர் குறையும், தண்டனை நிச்சயம், அப்பீலுக்கு பெருசா வழி இல்ல, ஏன்னா அது கணக்கு. அதே பையன் பேப்பர் க்ளாஸ்ல பி வாங்கினா ஏபிஆர் சூப்பர், மாட்டறது சந்தேகம், மாட்டினாலும் வாதாடலாம். இந்த டிசைன்ல எந்த காலேஜ் எந்த பக்கம் சாயும்?

நான் மாஸ்டர்ஸ் படிக்கறப்ப பெரிய ஃபுட்பால் ஸ்கூல் ஒண்ணுல டீச்சிங் அசிஸ்டென்ட்டா இருந்தேன், பேர் வேண்டாம். அத்லெட்டிக் டிபார்ட்மென்ட்லேந்து செமஸ்டர் நடுவுல ஒவ்வொரு ப்ளேயருக்கும் ப்ராக்ரஸ் ஃபார்ம் வரும், வருகை எப்படி, இப்போதைய க்ரேட் என்ன, இவ்ளோதான் கட்டம். க்ளாஸ் வாசல்ல ஒரு ஆள் வந்து நின்னு ப்ளேயர் வந்தானான்னு டிக் போட்டுட்டு போவான். ஃபுட்பால் டீம்ல லைன்மேன் இடத்துல ஆடற ஒரு பையன், காலைல இருட்டோட வெயிட் தூக்கிட்டு வந்து முன்வரிசைல உக்காந்து தலை தொங்கி தொங்கி விழுவான், வீட்டுப்பாடம் சில சமயம் ரொம்ப நல்லா வரும், எதுத்தாப்ல உக்கார வச்சு கேட்டா அதுல ஒரு வரி தெரியாது. நான் மேல சொன்னேன். ரொம்ப மரியாதையா ஒரு கவுன்சிலர் வந்து பேசினாங்க, நல்ல மனுஷி, அவங்க கேட்டது ஒரே கேள்வி, சி வந்துடுமா? அவனுக்கு என்ன புரியலன்னு கேக்கவே இல்ல. அவங்கள தப்பு சொல்லி என்ன, அவங்க வேலைய அளக்கறதே எத்தன பேர் ஆட தகுதியோட இருக்காங்கங்கறத வச்சுதான். சி வந்துச்சு.

எதிர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடணும், ஏன்னா இருக்கு. ஒரு ஸ்போர்ட்ஸ் சங்கம் வந்து யுனிவர்சிட்டிகிட்ட இந்த கோர்ஸ் கோர்ஸே இல்லன்னு சொல்லலாமா? சொல்ல ஆரம்பிச்சா எங்க நிக்கும்? நாளைக்கு ஈஸியான கவிதை க்ளாஸ், ஈஸியான ஜியாலஜி க்ளாஸ், இதெல்லாம் மோசடியான்னு கேக்க ஆரம்பிப்பாங்க. நார்த் கரோலினா தீர்ப்ப எழுதின குழுவுக்கு தலைவரா இருந்த க்ரெக் சாங்கி எஸ்இசிங்கற பெரிய கான்ஃபரன்ஸோட கமிஷனர், அவருக்கு இந்த தலைவலி நல்லாவே தெரியும், விதில இல்லாதத நாங்களா எழுத முடியாதுங்கறது அவர் பக்க வாதம். சட்டமா பாத்தா தப்பில்ல. ஆனா விதில ஓட்டை இருக்குன்னு ஊர் உலகத்துக்கே தெரிஞ்சப்புறம் அடைக்கணும்ல? பேசினாங்க, ப்ரொபோசல் போட்டாங்க, 2019-ல வேணாம்னு விட்டுட்டாங்க. ஓட்டை அப்படியே இருக்கு.

அதவிட பெருசு ஒண்ணு. நார்த் கரோலினால ஆடின ரெண்டு பேர் 2015-ல கேஸ் போட்டாங்க, எங்களுக்கு படிப்பு தரேன்னு சொல்லி தரல, என்சிஏஏவும் பொறுப்புன்னு. அதுக்கு என்சிஏஏ கோர்ட்ல சொன்ன பதில், அத்லெட்ஸுக்கு கிடைக்கற படிப்போட தரத்துக்கு நாங்க சட்டப்படி பொறுப்பு ஏத்துக்கல. எல்லா விளம்பரத்துலயும் ஸ்டூடன்ட்-அத்லெட், ஸ்டூடன்ட்-அத்லெட்னு வாய் ஓயாம சொல்றவங்க. இத படிச்சப்புறம்தான் எனக்கு மொத்த சர்வீஸும் பிடிபட்டுச்சு. இவங்க தண்டிக்கறது தகுதி இல்லாதவன் ஆடினான்ங்கறதுக்கு, படிப்ப ஏமாத்தினதுக்கு இல்ல. பாதிக்கப்பட்டவங்க லிஸ்ட்ல எதிர் டீம் இருக்கு, ரெக்கார்ட் புக் இருக்கு, அந்த பையன் இல்ல. 18 வருஷம் ஓடின பேப்பர் க்ளாஸ்ல வெத்து டிகிரி வாங்கினவனுக்கு திரும்ப வந்து ஒழுங்கா படின்னு ஒரு ட்யூஷன் ஃபீஸ் கூட எந்த தீர்ப்பும் வாங்கி குடுத்ததில்ல.

லேட்டஸ்ட் வெர்ஷன் பத்தி ரெண்டு வரி. 2022-ல புது சாசனம் கொண்டு வந்தப்ப தப்புல சம்பந்தமே இல்லாத பசங்கள முடிஞ்ச வரைக்கும் தண்டிக்கக்கூடாதுன்னு ஒரு கொள்கை சேத்தாங்க, அதுக்கப்புறம் போஸ்ட்சீசன் தடைய விட்டுட்டு பெரிய ஃபைன் பக்கம் போறாங்க. 2023-ல டென்னசிக்கு 80 லட்சம் டாலர், அது ரெக்ரூட்டிங் (ப்ளேயர புடிச்சு காலேஜ்ல சேக்கறது) கேஸ். மிசோரி பசங்க மாதிரி வீட்ல உக்காரறது இனி குறையும், நல்ல மாற்றம்தான். ஆனா ஃபைன கட்டறது யாரு, பணக்கார காலேஜுக்கு அது ஒரு செலவுக் கணக்கு, டீமுக்கு காசு குடுக்கற பூஸ்டர்கிட்ட ஒரு டின்னர் போட்டா வந்துடும். 2025-லேந்து ப்ளேயருக்கு காலேஜே நேரடியா காசு குடுக்கலாம்னு ஆகி அத கவனிக்க தனி கமிஷன் வந்தாச்சு, படிப்பு மோசடி மட்டும் இன்னும் பழைய கவுன்டர்லயே, என்சிஏஏ கைல. காசு விஷயத்துக்கு புது ஆபீஸ் திறக்க தோணுது பாருங்க.

ரெண்டாவது ஸ்டார் எதுக்குன்னு சொல்லவே இல்லல்ல, அந்த தீர்ப்பு பிடிஎஃப்ங்களுக்குதான். ஒளிவு மறைவு இல்லாம எழுதறாங்க, அவங்களுக்கே எதிரா இருக்கறதையும் எழுதறாங்க, அது இல்லன்னா இந்த ரிவ்யூவே எழுதியிருக்க முடியாது.

உங்க பையனோ பொண்ணோ ஆட்டத்துல நல்லா இருந்து காலேஜ் கோச்சுங்க வீட்டுக்கு வந்து சோஃபால உக்காந்து பேசற கட்டத்துல இருந்தா, ஸ்டேடியத்தையும் லாக்கர் ரூமையும் அவங்களே காட்டிடுவாங்க, நீங்க இத மட்டும் கேளுங்க: டீம்ல எத்தன பேர் ஒரே மேஜர்ல (டிகிரிக்கு எடுக்கற முக்கிய பாடம்) இருக்காங்க, அந்த மேஜர யார் தேர்ந்தெடுத்தா, ப்ராக்டிஸ் டைமோட மோதற லேப் க்ளாஸ் வேணும்னா என்ன ஆகும், படிப்பு கவுன்சிலருக்கு சம்பளம் அத்லெட்டிக் டிபார்ட்மென்ட் குடுக்குதா யுனிவர்சிட்டி பக்கம் குடுக்குதா. கடைசி கேள்விக்கு கோச் முகத்த பாத்துட்டே இருங்க. பதில் உடனே வந்தா நல்லது, "அதெல்லாம் எங்க ஆளுங்க பாத்துப்பாங்க சார்"னு வந்தா அடுத்த காலேஜுக்கு ஃபோன் போடுங்க.